காண்டலும் வினையாமோ?

மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் உயிர்கள் வினையை ஈட்டும் என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. அதனை ஒப்புக்கொள்ளுதற்கண் நமக்கு இடர்ப்பாடு இல்லை. நாள்தோறும் நிகழும் செயல்களில் வைத்துப் பொருத்திப் பார்க்குங்காலே மயக்கம் தோன்றுகின்றது. அத்தகைய மயக்கமொன்று சின்னாள் முன்னர் ஆம்பூரில் எழுந்தது. அதனை ஆராய்தல் ஈண்டு எம் கருத்து.

அன்பர் ஒருவர் இல்லத்தில் சிவஞானபோதப் பாடம் முடிந்தபின், தோல் வாணிகஞ் செய்யும் நண்பர் ஒருவர் வினவினார்: “குழந்தைகளைக் கெடுத்துப் படம் பிடித்தவனும் அதனைப் பரப்பினவனும் கொடியர் என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒருவன் தன் அறையில் தனித்திருந்து, ஒருவரையுந் தீண்டாது, ஒருவர்க்கும் அனுப்பாது, கண்ணாற் காண்டல் மாத்திரஞ் செய்தானாயின், அவன் யார்க்கு என்ன தீங்கு செய்தான்?” கற்றோர் பலர் இருந்தும் உடனே விடை எழவில்லை. ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் அம்மையார் ஒருவர், “ஐயா, அந்தப் படத்திலிருப்பது என் பிள்ளையானால், பார்த்தவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையென்று நான் நினைக்க முடியுமா?” என்றார். அவ்வொரு சொல்லே விடையாம். ஆயினும் அதற்குரிய காரணங்களை நூல்நெறி பற்றியும் நாட்டின் சட்டம் பற்றியும் விரித்துரைத்தல் பயனுடைத்து.

இவ்வினா வீண் வினா அன்று. நம் நாட்டு உயர்ந்த மன்றங்களே இதன்கண் மாறுபட்டன. சென்னையை அடுத்த அம்பத்தூர் மகளிர் காவல் நிலையத்தில் 2020-ஆம் ஆண்டு ஒரு வழக்குப் பதிவாயிற்று. ஓர் இளைஞர் தம் கைப்பேசியிற் குழந்தைகளைப் பற்றிய இழிந்த படங்கள் இரண்டனைப் பதிவிறக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. சென்னை உயர்நீதிமன்றம் 2024 சனவரி 11-ஆம் நாள் அவ்வழக்கினைத் தள்ளிற்று. ஆக்கலும் பரப்பலும் இன்றித் தனிமையிற் பார்த்தல் மாத்திரம் சட்டம் கூறும் குற்றமாகாது என்றும், இத்தகைய பழக்கத்திற்கு அடிமைப்பட்ட இளைஞரைத் தண்டித்தலினும் அறிவுறுத்தித் திருத்துதலே சமூகத்தின் கடனென்றும் அது கருதிற்று. மேன்முறையீட்டின்மேல் உச்சநீதிமன்றம் 2024 செப்டம்பர் 23-ஆம் நாள் அத்தீர்ப்பினை நீக்கி, வழக்கு நடைபெறுக என ஆணையிட்டது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், போக்சோ என வழங்குவது, பதினெட்டு வயது நிரம்பாதார் யாவரையும் குழந்தையெனக் கொள்ளும். அச்சட்டத்தின் 15-ஆம் பிரிவு 2019-இல் திருத்தப்பட்டு, இத்தகைய படங்களை அழியாதும் அறிவியாதும் பகிருங் கருத்தோடு வைத்திருத்தலையும் குற்றமாக்கிற்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவோ தேடுதலையும் பதிவிறக்குதலையும் உட்கொண்டது. அறிந்து திறந்து, தன் விருப்பின்படி ஆளும் நிலையிற் பார்ப்பவன், தன் கருவியில் அதனைச் சேமித்திலனாயினும், அப்பொழுது அதனை உடையவனேயாவன் என உச்சநீதிமன்றம் தெளிவித்தது. தானறியாது கண்முன் வந்ததாயினும், மூடிவிட்டு வாளாவிருத்தல் போதாது, உரியோர்க்கு அறிவித்தலும் வேண்டும் என்றது. ‘குழந்தை ஆபாசம்’ என்னும் பொருள்படும் சொல் குற்றத்தின் கொடுமையை மறைத்தலின், ‘குழந்தைகளைப் பாலியலாற் சுரண்டியும் துன்புறுத்தியும் ஆக்கிய பொருள்’ எனப்பொருள்படும் சொல்லை வழங்குமாறு பாராளுமன்றத்திற்குப் பரிந்துரைத்தது. சொல் திரிந்தால் எண்ணமுந் திரியுமாகலின், இஃது ஏற்புடைத்தே.

இனி நூல்நெறி பற்றி ஆராய்வாம். உயிர்க்கு இச்சை, அறிவு, செயல் என மூன்று ஆற்றல்கள் உண்டு. வழியிற் செல்வான் கண்ணிற்கு எதிர்ப்பட்டதொன்று விருப்பின்றியே தோன்றி மறைதல் வேறு. ஒருவன் விரும்பித் தேடிக் காண்டல் வேறு. பின்னதன்கண் மூன்றும் தொழிற்படுகின்றன. தேடுதல் இச்சை, இன்னதென்று தெரிதல் அறிவு, விரலால் திறத்தல் செயல். மூன்றும் ஒருங்கு நிகழ்ந்தவிடத்து, “யான் ஒன்றுஞ் செய்திலேன், கண்டேன் மாத்திரம்” என்றல் யாங்ஙனம் பொருந்தும்? ஆகலின் அது ஆகாமியமாய் ஏறுதல் ஒருதலை.

இன்னும், சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பென்பது மெய்கண்டார் மரபு. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைப் பற்றுமாறு போல, உயிர் தான் இடைவிடாது சார்ந்ததன் தன்மையைப் பற்றும். திருக்கோயிற்குச் சென்று திருமேனியைக் கண்ணாரக் காண்டலாற் பயனுண்டு என்று நம்புகின்ற நாம், தீயதனைக் காண்டலாற் கேடில்லை என்போமாயின், நம் தரிசன நெறியையே மறுத்தவராவோம். காட்சி உயிரை மாற்றும் என்பது இரண்டிடத்தும் ஒக்கும்.

“தனித்திருந்தான், ஒருவருங் கண்டிலர்” என்பதும் நம்மனோர் கூறத்தகாத சொல். கண்ணுக்கு உயிர் காட்டித் தானும் உடன் காண்பது போல, உயிர்க்கு இறைவன் காட்டி உடன் காண்பன் என்பது சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்தாற் பெறப்படும். வீடுபேற்று நிலையிற் பேரின்பமாய் நிற்கும் அவ்வுண்மை, பெத்த நிலையிலும் பொய்யாகாது. நமக்குத் தனியறை என்பதொன்று எங்குளது?

அற்றேல், “இவையெல்லாம் உயிரின் உறுதி பற்றியன. மனத்தால் இழைக்கும் பாவம் அனைத்தையும் அரசு தண்டிக்கப் புகின் உலகு நடவாதே. அரசின் கண் ஒவ்வொருவர் கைப்பேசியினுள்ளும் நுழைதல் முறையோ?” என வினவுவார்க்கு விடை கூறுவாம். வினா நேரிதே. தனிமையுரிமை அடிப்படை உரிமையென 2017-இல் உச்சநீதிமன்றம் ஒன்பதின்மர் அமர்வாய் இருந்து உரைத்தது. இறைவன் காண்டலும் அரசு காண்டலும் ஒன்றல்ல. இறைவன் அருளாற் காண்பவன், பிழைபடான். அரசு அதிகாரத்தாற் காண்பது. பிழைபடும், பகைமையாலும் காணும். ஆதலின், எல்லார் கடிதங்களையும் பிரித்துப் படிக்கும் உரிமையை அரசிற்கு அளித்தல் அறமாகாது. ஆயின், இவ்விடத்து அரசு தண்டிப்பது மனத்தின் இழுக்கை அன்று. மற்றோர் உயிர்க்கு இழைத்த தீங்கையே. என்னை? அப்படம் ஓவியன் புனைந்ததன்று. உண்மையாக ஒரு குழவிக்கு நிகழ்ந்த கொடுமையின் சுவடு. அக்குழவி வளர்ந்து பெரியரான பின்னும், தன் துன்பத்தை அறியாதார் பலர் கண்டு களிக்கின்றனர் என்னும் நினைவோடு வாழவேண்டுவதாகின்றது. காண்பார் இலராயின் விற்பார் இலர். விற்பார் இலராயின் அதன்பொருட்டுக் கெடுப்பாருங் குறைவர். ஆகவே காண்பவன் அக்கொடுமைக்குப் பிற்பட்டு வந்தவனாயினும், அடுத்த கொடுமைக்கு முற்பட்டு நிற்பவனாவன்.

இதனைத் தோல் தொழிலாற் பிழைக்கும் நம் பாலாற்றங்கரையார்க்கு உரைத்தல் எளிது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில், சைவரும் இசுலாமியரும் கிறித்தவரும் இத்தொழிலாலேயே மனை வாழ்க்கை நடத்துகின்றனர். தொழில் சோறிட்டது, கழிவுநீரோ ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகத்து 28-இல் இரண்டு நீதிகளை நிலைநாட்டிற்று: மாசு செய்தவனே அதற்கு ஈடு செய்க என்பது ஒன்று, தீங்கு நேருமுன்னரே காத்தல் வேண்டும், தீங்கில்லை என மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துவோனைச் சாரும் என்பது மற்றொன்று. தோல் பதனிடுவோர் ஒவ்வொருவர்க்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது.

இணைய நிறுவனங்களும் ஓராறு போல்வனவே. அவை கோடி கோடியாக ஊதியம் பெறுகின்றன. அவற்றின் வழியே நஞ்சும் ஓடுகின்றது. “யாம் வாய்க்கால் மாத்திரம், நீர் எம்முடையதன்று” என அவை கூறும் வழக்கம் நெடுநாளாய் உள்ளது. போக்சோ சட்டத்தின் வழி உள்நாட்டுக் காவல் துறைக்கு அறிவியாத நிறுவனம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தரும் புகலிடத்தைப் பெறாது என 2024-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியது இக்கூற்றுக்குத் தக்க மறுப்பாம். பிரிட்டனும் 2023-இல் நிறுவனங்களின்மேற் கடமை சுமத்திச் சட்டம் இயற்றிற்று. ஆத்திரேலியா பதினாறு வயது நிரம்பாதார் சமூக ஊடகக் கணக்கு வைத்தலை 2025 டிசம்பர் 10 முதல் விலக்கிற்று.

எனினும் வேலி மாத்திரம் பயிரைக் காவாது. 2020-இற் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடத்தின் பொருட்டு வீட்டினுட் புகுந்த கைப்பேசி, பள்ளிகள் திறந்தபின்னும் வெளியேறவில்லை. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றிருப்ப, பிள்ளை கையிலுள்ள கருவி தந்தை பெயரால் இயங்கும். நிறுவனத்தின் கணக்கில் அப்பிள்ளை நாற்பதாண்டு நிரம்பியவன்! அன்பு காட்டிப் பேசி, படம் பெற்று, பின் அப்படத்தைக் காட்டியே அச்சுறுத்தும் கயவன் இவ்விடைவெளியிலே நுழைகின்றான்.

அப்பொழுது பிள்ளை வாய் திறவாமைக்குக் காரணம் பெரும்பாலும் கயவனிடத்து அச்சமன்று, பெற்றோரிடத்து அச்சமே. சீகாழிக் குளக்கரையில் மூவாண்டுப் பிள்ளை தனித்து அழுத வரலாறு நாம் அறிந்ததே. தந்தை நீருள் மூழ்கியிருந்த காலத்து அம்மையப்பர் வந்து ஞானப்பால் ஊட்டினர். கரையேறிய சிவபாதவிருதயரோ, பாலொழுகிய வாயைக் கண்டு முதலிற் கோலெடுத்தே வினவினார். ஆயினும், பிள்ளை கூறியதனைக் கேட்டார், அது சுட்டிய திசையை நோக்கினார், கோல் தாழ்ந்தது. அடியவரான தந்தைக்கும் முதலிற் கை சென்றது கோலின்மேலெனின், நம்மனோர்க்குக் கூறவேண்டுவதென்! பிள்ளை சுட்டுந் திசையை நோக்குதலே நாம் இவ்வரலாற்றாற் கொள்ளும் பாடம். பிழை கெடுத்தவனதேயன்றிக் கெடுக்கப்பட்ட குழவியினதன்று என்பதை முதற்கண் கூறுக; கைப்பேசியைப் பறித்தல், அடித்தல், ஊரறியத் தூற்றுதல் என்பவற்றை விடுக.

அதன்பின் அறிவித்தல் வேண்டும். குழந்தைகட்கான உதவி எண் 1098. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நிகழ்ந்ததென அறிந்தார் எவரும் காவல் துறைக்கு அறிவித்தல் கடன். “மானம் போம்” என மறைத்தல் அறமுமன்று, சட்டமுமன்று. மற்றொன்று: இத்தகைய படம் கைக்கு வந்தவழி, “எச்சரிக்கை செய்கின்றேன்” என்று பிறர்க்கு அனுப்புவார் உளர். அச்செயலும் குற்றமே, அக்குழவியை மீட்டும் ஒருகாற் கெடுத்தலே. ஆலத்தைத் தன் மிடற்றிற் றடுத்து உலகைக் காத்தவன் நம் பெருமான். அவன் அடியவர் நஞ்சைத் தம்மோடு நிறுத்துக, கை மாற்றற்க.

இறுதியாக, உயர்நீதிமன்றம் கூறிய திருத்தமும் உச்சநீதிமன்றம் கூறிய தண்டமும் தம்முள் மாறல்ல என்க. அறக்கருணை, மறக்கருணை என இறைவன் கருணை இரண்டாய் நிகழினும் அதன் கருத்து உயிரைத் திருத்துதலே. பழக்கத்தில் வீழ்ந்தும் மீள விழைவானுக்கு மருத்துவமும் நல்லுரையும் வேண்டும். குழவியைக் காக்கத் தண்டமும் வேண்டும். ஒன்று மற்றொன்றை விலக்காது.

நண்பர் வினவிய வினாவிற்கு விடை இது: காண்டலும் வினையே. அவ்வம்மையார் அதனை நூலின்றியே அறிந்திருந்தார். நாம் நூலைக் கற்றும் அறியாதிருத்தல் தகுமோ? அறிஞர் உய்த்துணர்க.

சிவம்.