மலைப்பாதையும் மீளும் உரிமையும்

ஓய்வு நாளில் காட்டுக்குள் சென்று மலை ஏறுவது அறிவுடைய செயலா, வீண் செயலா என்னும் வினா இந்நகரத்துத் தமிழர் இல்லங்களில் இப்போது அடிக்கடி எழுகின்றது. சிராங்கூன் சாலையில் கடை வைத்திருப்பவரின் மகனும், அலுவலகத்தில் கணக்கெழுதுபவரின் மகளும் ஞாயிறு விடியுமுன் தோளிற் பையை மாட்டிக்கொண்டு புக்கித் தீமாவுக்குப் புறப்படுகின்றனர். சிங்கப்பூரில் கோடை என்று தனிப்பருவம் இல்லை. பள்ளிக்கூடங்களின் ஜூன் விடுமுறையே நமக்குக் கோடை. அவ்விடுமுறை வந்துவிட்டால் பாலங்கடந்து, ஜொகூரில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் லேடாங்கையும், அதற்கும் அப்பால் கேமரன் மலையின் பாசி படர்ந்த காடுகளையும் நாடிச் செல்கின்றனர். மக்கள் நடமாட்டம் குறைந்து புதர் மூடிக் கிடக்கும் தடம் எதுவோ அதுவே அவர்களுக்கு மேலானதாகத் தோன்றுகின்றது.

வீட்டிலுள்ள முதியவரோ இதனைக் கண்டு முகஞ் சுளிக்கின்றார். "காட்டை விட்டு வெளியே வருவதற்குத்தான் உன் பாட்டன் பாடுபட்டான், நீயோ கைக்காசைச் செலவழித்து மறுபடியும் அதற்குள் போகிறாய்" என்கின்றார். இச்சொல்லை அறியாமை என்று தள்ளிவிடுதல் ஆகாது. மலாயாத் தோட்டங்களில் விடியற்காலை இருளில் விளக்கைத் தலையிற் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டியவர்க்குக் காடு ஒரு காட்சிப் பொருளாக இருந்ததில்லை. அட்டை கடிக்கும் இடம். பாம்பு கிடக்கும் இடம். வேலை தப்பினால் கூலி குறையும் இடம். கூலியின்றி ஒருவன் அதற்குள் தானே விரும்பி நுழைவான் என்பதை அவர் எங்ஙனம் நம்புவார்?

ஆயினும் முதியவர் கூற்றை முழுதும் ஒப்புக்கொள்ளவும் நம்மால் இயலவில்லை. உழைப்பவனுக்கு உடல் மட்டுமே உண்டு, அழகை நுகரும் கண் இல்லை என்பது தோட்டத்துத் துரைமார் கொண்டிருந்த கொள்கை. பங்களாவின் தாழ்வாரத்தில் அமர்ந்து பனி மூடிய மலையைக் கண்டு களிக்கும் உரிமை தமக்கே உரியது என்று அவர்கள் எண்ணினர். அம்மலையிலே நாள் முழுதும் நின்றவனை எவரும் அதுபற்றிக் கேட்டதில்லை. இன்று அவனுடைய பேரன் அதே மலையில் தன் மனமகிழ்வுக்காக ஏறுகின்றான் என்றால், அது வீண் செயலன்று. பறிக்கப்பட்ட ஒன்றை மீட்டுக்கொள்ளும் செயல். ஆகவே, போகலாமா கூடாதா என்பதைவிட, எத்தகைய மனத்தோடு போக வேண்டும் என்பதே ஆராயத்தக்கது.

புக்கித் தீமாவையே எடுத்துக்கொள்வோம். இத்தீவின் மிக உயர்ந்த குன்று அது. உயரமோ 163 மீட்டரே. அதனை மலை என்றால் நீலகிரியில் வாழ்வோர் நகைப்பர். எனினும், அதன் அடிவாரத்துக்கு நம்மைக் கொண்டு சேர்க்கும் சாலையின் வரலாறு சிறியதன்று. 1825ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் முதன்முதல் இங்கே கொண்டுவரப்பட்டனர். சென்னை மாகாணத்தாரும் வங்காளத்தாரும் அவர்களுள் இருந்தனர். 1873ஆம் ஆண்டில் கைதிகளின் சிறை மூடப்படும் வரையில், சதுப்பைத் தூர்த்தும் காட்டை வெட்டியும் இத்தீவின் சாலைகள் பலவற்றை அமைத்தவை அவர்களுடைய கைகள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியெழுப்பியவர்களும் அவர்களே. புலிகள் மனிதரைக் கொன்றுவந்த அக்காலத்தில், புலிவேட்டைக்கும் கைதிகளையே காட்டுக்குள் அனுப்பினர். இவற்றையெல்லாம் அவர்களை மேற்பார்த்த மக்நேர் என்னும் அதிகாரி 1899இல் வெளிவந்த நூலில் எழுதியிருக்கின்றார். ஆயுள் தண்டனை பெற்று வந்தவனுக்கு ஊர் திரும்பும் கடல்வழி அடைபட்டிருந்தது. அவன் வெட்டிய வழியில் முன்னே செல்லலாம். பின்னே செல்ல முடியாது.

அக்குன்றின் பக்கத்தில் கருங்கல் உடைத்த பள்ளங்கள் இன்று நீர் நிறைந்த குளங்களாயின. அதன் அருகே ஓடி, தஞ்சோங் பகார் வரை வந்த மலாயா ரெயில் 2011 ஜூன் 30ஆம் நாளோடு நின்றது. அத்தடம் இன்று 24 கிலோமீட்டர் நீளமுள்ள நடைவழி. ரெயில் நின்ற சில திங்களிலே சரளைக் கல்லின் மீது லாலாங் புல் ஏறிற்று. பாதைகளின் இயல்பு அத்தகையது. கால் படும் வரையில் பாதை உண்டு. கால் நின்றால் ஒரு மழைக்காலத்திற்குள் கொடியும் புதரும் அதனை விழுங்கிவிடும். அளவுக்கு மிஞ்சிய கால்கள் பட்டாலும் கேடுதான். புக்கித் தீமாவின் தடங்கள் அரிக்கப்பட்டுச் சரிவுகள் தளர்ந்தமையால், 2014இல் அவற்றை மூடிச் செப்பனிட்டு, 2016இல்தான் முழுவதும் மீண்டும் திறந்தனர். ஆகவே, புதர் மூடிய பாதை ஒன்றைக் காணும்போது, "இங்கே எவரும் வந்ததில்லை" என்று நாம் இறும்பூது எய்துவது பெரும்பாலும் பிழை. வந்தவர்கள் உண்டு, அவர்கள் இன்று இல்லை என்பதே உண்மை.

கைதியின் கதை சட்டம் விதித்த தண்டனையின் கதை. குற்றம் ஒன்றும் செய்யாதவர்கள் நடந்த பாதையைக் காண வேண்டுமாயின் இலங்கையை நோக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், காப்பித் தோட்டங்களுக்காகக் கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழ்நாட்டுக் குடியானவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டின் ஊடே தம்புள்ளையையும் மாத்தளையையும் கடந்து கண்டிச்சீமைக்கு நடந்தனர். தொலைவு ஏறத்தாழ 150 மைல். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர் எண்ணிறந்தோர். கூட வந்தவர்கள் அவர்களை விட்டு நடந்தனர்; நிற்க இயலவில்லை, திரும்பவும் இயலவில்லை. முன்பணம் கடனாகிப் பின்னால் நின்றது. வறட்சியும் பட்டினியும் ஊரில் நின்றன.

1823ஆம் ஆண்டை மலையகத் தமிழர் வாழ்வின் தொடக்கமாகக் கொண்டு, இருநூறு ஆண்டு நிறைவில், 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டு 12ஆம் நாள் மாத்தளையில் முடிந்த நடைப்பயணம் ஒன்று நிகழ்ந்தது. முன்னோர் நடந்த வழியை அவர்களுடைய வழித்தோன்றல்கள் வெயிலிலே மீண்டும் நடந்து காட்டினர். அதே ஆண்டில், அதே மலைநாட்டில், கண்டிக்கு அருகே தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பீக்கோ தடம்' என்னும் நெடுவழியும் நடைவிரும்பிகளுக்குத் திறக்கப்பட்டது. 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழி 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தேயிலையின் ஒரு வகைப் பெயரே அதன் பெயர். பழைய தோட்டப் பாதைகளே அதன் உடல். வெளிநாட்டார் களிப்போடு அதில் நடக்கின்றனர். கூடையில் கொழுந்து சுமந்த பெண்டிரும் அதே பாதையில் எதிரே வருகின்றனர்.

இவ்விரு நடைகளுக்கும் உள்ள வேறுபாடுதான் யாது? கால்கள் ஒன்றே, முள் ஒன்றே, அட்டையும் மூச்சிரைப்பும் ஒன்றே. கடினத்தை அளவுகோலாகக் கொண்டால் இரண்டும் ஒன்றாய்விடும். உலாவச் செல்பவனும் சில வேளை பட்டினி கிடக்கின்றான், வழி தவறுகின்றான், கால் புண்ணாகின்றான். நாம் காணும் வேறுபாடு ஒன்றே. முன்னவனுக்குத் திரும்பும் உரிமை இருந்ததில்லை. பின்னவனுக்கு அது உண்டு. "போதும், இறங்குவோம்" என்று சொல்லக் கூடியவனுடைய துன்பம் விளையாட்டு. அச்சொல்லைச் சொல்ல முடியாதவனுடைய துன்பம் அடிமைத்தனம்.

திரும்புதல் வேறு, திருப்பி அனுப்பப்படுதல் வேறு என்பதையும் இங்கே தெளிவுபடுத்துதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உடன்பட்டனர். அம்மக்களைக் கேட்டு வகுத்த கணக்கன்று அது. இலங்கை மலையிலே பிறந்து வளர்ந்தவர்கள் தாம் கண்டிராத 'தாயகத்திற்கு'க் கப்பலேறினர். அவருள் பலர் நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து கிள்ளினர். போவதும் பிறர் விருப்பம், மீள்வதும் பிறர் விருப்பம் என்றால், அங்கே உரிமை ஏது? போகவும், நிற்கவும், மீளவும் தானே முடிவு செய்பவன் எவனோ அவனே வழிப்போக்கன், மற்றவன் சுமை.

இத்துணை அருமையான உரிமையைப் பெற்றவர்கள் அதனை எவ்வாறு கையாள்கின்றனர்? தமிழ்நாட்டு மலைகளிலிருந்து இரு நிகழ்ச்சிகளைக் கூறுவோம். 2018 மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து இறங்கிவந்த மலையேறிகளைக் காட்டுத்தீ சூழ்ந்தது. ஆளுயரப் புல் கோடையிற் காய்ந்து நின்ற சரிவு அது. காற்று எழுந்ததும் நெருப்பு மனிதனைவிட விரைந்து ஓடிற்று. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் இளையோர். இறந்தோரைக் குறை கூறுவது நம் கருத்தன்று. அவர்கள் பிறரை நம்பிச் சென்றவர்கள். அங்கு முதலில் ஓடிச் சென்றவர்கள் அடிவாரத்து ஊராரும் வனத்துறை ஊழியருமே. எந்தத் திங்களில் எந்தப் புல் தீப்பிடிக்கும் என்பது அவ்வூராருக்குத் தெரியும். அவர்களைக் கேளாமல் ஏறும் மலை, எழுத்தறியாதவன் கையிலுள்ள ஏடு போன்றது. அவ்வாண்டிலேயே அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024இல் நாற்பது தடங்களை வழிகாட்டியோடும் அனுமதியோடும் திறந்து வைத்தது. தீப்பிடிக்கும் கோடைத் திங்களில் தடங்களை மூடியும் வைக்கின்றது. வேண்டாம் என்ற சொல்லும் மலையறிவில் ஒரு பகுதி என்பதை அத்துணை உயிர்களைக் கொடுத்தே நாம் கற்றோம்.

மற்றொன்று, கோயம்புத்தூரை அடுத்த வெள்ளியங்கிரி. பிப்ரவரி முதல் மே வரை ஏழு மலை கடந்து ஏறுவோர் பல்லாயிரவர். இதய நோயும் மூச்சுத் திணறலும் உடையோர் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தும், 2024இல் பலர் வழியிலேயே உயிர் துறந்தனர். நெஞ்சு வலிக்கும்போதும் இறங்க மறுப்பது ஏன்? பாதியில் திரும்பினால் நேர்த்தி கெடும் என்னும் அச்சம் ஒரு சிலர்க்கு. உடன் வந்தோர் நகைப்பர் என்னும் நாணம் வேறு சிலர்க்கு. அச்சத்திற்கும் நாணத்திற்கும் அடிபணிந்து ஏறுபவன், கங்காணி இல்லாமலே தன்னைத் தான் ஓட்டிக்கொள்கின்றான். பாட்டனுக்குக் கிட்டாத உரிமையைப் பேரன் தானே முன்வந்து துறத்தல் வீரமாகாது. உச்சி கண்ணுக்குத் தெரிகையில், கருமேகம் கண்டு, "இன்று வேண்டாம்" என்று இறங்கும் ஒருவனுடைய நெஞ்சுரமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. அவன் இறங்கிய பிறகும் மலை அங்கேயே நிற்கும்.

இனி நம் நகரத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையின் கிளைத் தெருக்களிலும் கூடும் தொழிலாளர் கூட்டத்தை அறியாதார் இல்லை. தஞ்சை, புதுக்கோட்டைச் சிற்றூர்களிலிருந்து வந்தோரும் வங்காள தேசத்தாரும் அதில் உள்ளனர். கட்டடமும் சாலையும் கப்பலும் அவர்களுடைய உழைப்பு. அவருள் பலர் ஊரில் நிலத்தையோ நகையையோ அடகு வைத்து முகவருக்குப் பணம் கட்டி வந்தவர்கள். அக்கடன் அடையும் வரையில், வேலை எத்துணைக் கொடியதாயினும், "போதும், இறங்குவேன்" என்று அவர்களால் சொல்ல முடியாது. மன்னார்க் காட்டில் பின்னால் நின்ற அதே கடன் இன்று விமானமேறி வந்து அவர்கள் பின்னால் நிற்கின்றது. காலையிற் குன்றில் ஏறிக் களித்து, மாலையில் தேக்காவில் தோசை உண்ண வரும் நம் இளைஞன், தன் அருகே அமர்ந்து உண்பவனுக்குத் தன்னிடமுள்ள உரிமை இல்லை என்பதை எண்ணிப் பார்ப்பானாக.

அவ்வெண்ணம் வந்தால் கடமைகள் தாமே விளங்கும். நடக்கும் பாதையைக் குப்பையின்றிக் காத்தல் ஒன்று. அதனை வெட்டியவர் யாவர் என்று கேட்டறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லுதல் மற்றொன்று. மலையருகில் வாழ்வோர் சொல்லை மதித்து, வேளையறிந்து மீளுதல் மூன்றாவது. இவற்றினும் பெரியதொன்று உண்டு: நம் கீழ் வேலை செய்யும் எவரையும், நம் வீட்டுப் பணிப்பெண் உட்பட, திரும்ப முடியாத நிலையில் வைத்திராமை. கடவுச்சீட்டைப் பெட்டியில் பூட்டி வைக்கும் கை, எத்தனை மலைகளின் உச்சியைத் தொட்டிருந்தாலும், பழைய கங்காணியின் கையே.

தோட்டத்து அன்பர்களே, நகரத்து நண்பர்களே! பிள்ளைகள் மலைக்குப் போக விரும்பினால் தடுக்க வேண்டாம். போகட்டும், புதர் விலக்கிப் பழைய தடத்தைக் காணட்டும். தடுப்பதற்குப் பதிலாக, முதியவர் அவர்களோடு பாதி வழியேனும் சென்று, அட்டை கடித்த கதையையும் நிரை பிடித்த கதையையும் அங்கேயே சொல்லட்டும். காட்டை அஞ்சிய தலைமுறையும் காட்டை விரும்பும் தலைமுறையும் ஒரு பாறைமீது அமர்ந்து பேசிவிட்டு, களைப்புத் தோன்றிய இடத்தில் எவர் அனுமதியும் கேளாமல் இறங்கி வீடு வந்து சேருமாயின், அந்நடை வீண் செயலன்று என்பதே நம் முடிபு.