மதிப்பெண்ணும் மனச்சான்றும்

பிழையே செய்யலாகாது என்று ஒருவர் தம்மைத் தாமே வருத்திக்கொள்வது அறமா, அறத்தின் வேடம் பூண்ட வேறொன்றா? இவ்வினா மிகப் பழையது. ஆயினும் இன்று இதனை உயிரோடு எழுப்புகின்றவர்கள் தத்துவம் பயில்வோர் அல்லர். செவிலியர் கல்லூரிகளில் படிக்கும் பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். நூற்றுக்கு எண்பத்திரண்டு பெற்ற மாணவி, பெறாத பதினெட்டை எண்ணி இரவெல்லாம் விழித்திருக்கிறாள். பாடத்தை மூன்று முறை படித்த பின்பும் நான்காம் முறை படிக்காததைக் குற்றமாகக் கருதுகிறாள். "போதும், தூங்கம்மா" என்று தாய் சொல்லும் சொல் அவள் செவியில் ஏறுவதில்லை. நம் இல்லங்களிலும் இத்தகைய பெண்கள் இருக்கிறார்கள் என்பதால் இதனை நிதானமாக எண்ணிப் பார்ப்பது நலம்.

இந்நிலை எங்கிருந்து தொடங்குகிறது என்பது வெளிப்படை. தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. நர்சிங் இடம், +2 தேர்வில் அறிவியல் பாடங்களில் பெறும் மதிப்பெண்ணைக் கொண்டே கிடைக்கிறது. ஓரிரு மதிப்பெண்ணில் அரசுக் கல்லூரி கைநழுவிப் போவதுண்டு. ஆகவே மதிப்பெண்தான் வாழ்வு என்று பதினேழு வயது வரை அப்பெண் கற்றது பொய்யன்று; அன்று அவளுக்கு அது மெய்யாகவே இருந்தது. வாயிலைக் கடந்த பின்னர்க் கணக்கு மாறிவிடுகிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகளின்படி, எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே ஐம்பது விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. ஆனால் மருத்துவமனைப் பயிற்சியில், பட்டம் பெறுமுன் நூற்றுக்கு நூறு வருகையை நிறைவு செய்தாக வேண்டும். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தாளில் பாதி போதும், நோயாளியின் கட்டிலருகே ஒரு நாளும் குறையலாகாது என்கிறது விதி. அதனை வகுத்தோர் எதனைப் பெரிதாக மதித்தனர் என்பது இதிலேயே விளங்கும். எனினும் கட்டிலருகே நின்ற நாள்களுக்காக எந்த வீட்டிலும் இனிப்பு வழங்குவதில்லை.

+2, பத்தாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம் பெற்றோரை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் கைவிட்டது. நல்ல முடிவு. ஆனால் அப்பட்டியல் செய்தித்தாளை விட்டு நீங்கியதே தவிர, நம் திண்ணைகளை விட்டு நீங்கவில்லை.

இத்தகைய மாணவியிடம் ஒரு மறுமொழி இருக்கிறது. அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் ஒருவரின் மகள் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தவள் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், சரித்திரத்துல தப்பா எழுதினா அக்பருக்கு ஒண்ணும் ஆகாது. நான் தப்புப் பண்ணினா ஒரு ஆள் செத்துப்போவாங்க. அப்புறம் நூறு எடுக்கணும்னு நினைக்கிறது எப்படித் தப்பாகும்?"

அவள் கேட்டது நியாயமே. இன்சுலினை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் அது இரு செறிவுகளில் கிடைக்கிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டது ஒன்று, 100 அலகு கொண்டது மற்றொன்று. முன்னதற்குரிய ஊசிக்குழலுக்குச் சிவப்பு மூடி. பின்னதற்குரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் பத்து என்ற கோடு வரை எடுத்தால், உடலுக்குள் செல்வது பத்து அலகன்று, இருபத்தைந்து. இரத்தத்தில் சர்க்கரை சரிந்து நோயாளி நினைவிழக்கலாம். உயிருக்கே ஊறு நேரலாம். இவ்விடத்தில் "எண்பத்திரண்டு போதும்" என்று சொல்ல எவருக்கும் நா எழாது.

ஆனால் அவள் வினாவுக்குள் இரண்டு விருப்பங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. நோயாளிக்குத் தீங்கு நேரலாகாது என்பது ஒன்று. நான் தவறு செய்பவள் என்று பிறர் அறியலாகாது என்பது மற்றொன்று. தேர்வுக்கூடத்தில் இவை இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கும். வார்டில் இவை பிரிந்துவிடுகின்றன. நள்ளிரவில், மூடியின் நிறத்தைக் கவனியாமல் ஊசி போட்டுவிட்ட பின் ஒரு செவிலி அதனை உணர்கிறாள் என்று கொள்வோம். முதல் விருப்பம் உடையவள் அந்நொடியே பணி மருத்துவரை எழுப்புவாள், சர்க்கரையைச் சோதிப்பாள், குளுக்கோஸ் ஏற்ற ஆயத்தம் செய்வாள், நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதுவாள். இரண்டாம் விருப்பம் மேலோங்கியவள் குழலைக் குப்பையில் போட்டுவிட்டு, ஒன்றும் ஆகாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு விடியலுக்குக் காத்திருப்பாள். இவளும் வகுப்பில் தொண்ணூற்றெட்டு பெற்றவளாக இருக்கலாம். அந்தத் தொண்ணூற்றெட்டைக் காக்கவே அவள் வாய் திறவாமல் இருக்கக்கூடும்.

மருத்துவ உலகம் இவ்வுண்மையைத் துன்பப்பட்டே கற்றது. 1999-இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை, தவிர்த்திருக்கக்கூடிய தவறுகளால் இறப்பதாக அது மதிப்பிட்டது. அவ்வெண்ணைப் பற்றிப் பின்னர் வாதங்கள் எழுந்தன. அறிக்கையின் அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது: தவறுகளுள் பெரும்பாலானவை தீயவர்களாலோ திறமையற்றவர்களாலோ நேர்வன அல்ல, நல்லவர்களும் தவறும்படி அமைந்த ஏற்பாடுகளால் நேர்வன. ஆகவே தவறாத மனிதரைத் தேடுவதை விட்டு, தவறு நோயாளியை எட்டுமுன் பிடிக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள் என்றது. மூடிக்கு வண்ணம் தீட்டியதும், நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லக் கேட்பதும், ஆபத்தான மருந்தை இருவர் சரிபார்ப்பதும் இவ்வகையின. இரண்டாமவர் சரிபார்ப்பது முதலாமவருக்கு இழுக்கு என்று எண்ணினால் இவ்வேற்பாடே நடவாது.

1996-இல் ஏமி எட்மண்ட்சன் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட ஆராய்ச்சி இதைக் காட்டிலும் வியப்பளிப்பது. மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளைக் கணக்கிட்டபோது, நல்ல தலைமையும் இணக்கமும் உள்ள பிரிவுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். பதிவானவை அங்கேதான் மிகுதியாக இருந்தன! ஆராய்ந்தபோது, அங்குள்ள செவிலியர் தவறுகளை அஞ்சாமல் சொன்னார்கள் என்பதும், அச்சம் நிலவிய பிரிவுகளில் அவை மறைக்கப்பட்டன என்பதும் அவருக்குப் புலப்பட்டன. ஏட்டில் தூய்மையாகத் தோன்றியது உண்மையில் தூய்மையன்று.

ஆகவே முதலில் கேட்ட வினாவுக்கு என் கருத்து இது: முழுநிறைவு வேண்டும் என்னும் வேட்கையை ஒரேயடியாகச் செருக்கு என்று பழிப்பது கடுமையாகும். பெரும்பாலும் அது அச்சம். ஆயினும் அவ்வச்சம் பார்ப்பது நோயாளியையன்று, தன்னையே. அந்த அளவில் அதனை மனச்சான்று என்று அழைக்க நான் உடன்படேன்.

இனி, மதிப்பெண் என்பதுதான் என்ன? ஆசிரியப் பயிற்சி பெற்றோர், மதிப்பீடு பற்றிய பாடத்தில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவரின் ஆய்வைப் படித்திருப்பர். 1912-இல் அவர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பினர். ஆசிரியர்கள் இட்ட மதிப்பெண்களுக்கிடையே முப்பதுக்கும் மேற்பட்ட வேறுபாடு இருந்தது. மொழிப்பாடம் அப்படித்தான் என்றனர் சிலர். அடுத்த ஆண்டு வடிவகணிதத் தாள் ஒன்றை அனுப்பினர். வேறுபாடு முன்னதைவிடப் பெரிதாயிற்று. முப்பதைத் தொடாதவரும் தொண்ணூறைத் தாண்டியவரும் ஒரே தாளுக்குள் இருந்தனர். இதனைப் படித்த எவரும், எண்பத்திரண்டுக்கும் எண்பத்தைந்துக்கும் இடையிலுள்ள மூன்றை ஒரு பெண்ணின் தகுதியாகக் கொள்ள மாட்டார். அம்மூன்று, திருத்தியவரின் மாலை நேரத் தலைவலியாகவும் இருக்கலாம்.

அதற்காக மதிப்பெண்ணே வேண்டா என்பதா? இவ்வழக்கு செவிலியர் துறையிலேயே முன்பு நடந்திருக்கிறது. 1860-இல் லண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தோற்றுவித்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், செவிலியரைத் தேர்வு வைத்துப் பதிவு செய்யும் முறையைக் கடைசிவரை எதிர்த்தார். பொறுமை, இரக்கம், நம்பகம் ஆகியவற்றைத் தேர்வு அளக்காது என்பது அவர் வாதம். ஆனால் அவர் பள்ளியிலும் மாதந்தோறும் ஒரு படிவம் நிரப்பப்பட்டது. நேரந்தவறாமை, தூய்மை, நம்பகம் முதலிய பண்புகளுக்கெனத் தனித்தனிக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தரம். அளவுகோலிலிருந்து அவரும் தப்பவில்லை! எதிர்த்தரப்பினர், பயிற்சியற்ற எவரும் செவிலி என்று சொல்லிக்கொண்டு வந்தால் ஏழை நோயாளி எவ்வாறு இனங்காண்பார் என்று கேட்டனர். இங்கிலாந்தில் 1919-இல் பதிவுச் சட்டம் வந்தது. நம் சென்னை மாகாணத்தில் 1926-இல் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. இவ்வழக்கில் நான் எதிர்த்தரப்பின் பக்கமே. ஒகேனக்கல் மலையோரக் கிராமத்துப் பெண் பேறுகாலத்துக்குப் பென்னாகரம் மருத்துவமனைக்குச் செல்கையில், அங்கிருப்பவர் குறைந்த அளவேனும் கற்றவர் என்னும் உறுதி அவளுக்கு வேண்டும். தேர்வு தரக்கூடியது அவ்வுறுதியை மட்டுமே. வாசற்படியின் உயரத்தை வைத்து வீட்டின் அழகை யாரும் அளப்பதில்லை.

அருவிக்கருகே பாறைகளின்மீது எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளரைச் சுற்றுலா வந்தோர் அனைவரும் பார்த்திருப்பர். தந்தையிடமோ மாமனிடமோ கண்டு கற்றவர்கள். எந்தத் தோளை அழுத்தலாம், எந்த முதியவரின் முதுகில் கை மெல்லப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் விரல்களுக்குத் தெரியும். ஒருநாள் கை சற்று ஓங்கிவிட்டால், படுத்திருப்பவர் "ஐயோ" என்பார்; கை உடனே தளரும். தவறும் திருத்தமும் ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடுகின்றன. செவிலியின் கையும் பெரும்பகுதி இவ்வாறே கற்கிறது. நரம்பில் முதல் முறையே ஊசி ஏற்றக் கற்றவர் எவரும் இலர்.

வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹெவிட், பிளெட் என்னும் உளவியலார் 1991-இல் இவ்வேட்கையை மூன்றாகப் பகுத்தனர்: தன்னிடம் நிறைவை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் கல்லூரி மாணவர் 40,000-க்கு மேற்பட்டோரிடம் 1989 முதல் 2016 வரை திரட்டிய தரவுகளைத் தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் ஆகியோர் ஒப்பிட்டனர். மூன்றுமே வளர்ந்திருந்தன, மூன்றாவதே மிக விரைவாக வளர்ந்திருந்தது. மேலைநாட்டுச் செய்திதான். ஆனால் "மீதி ரெண்டு மார்க் எங்கே போச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது. கேட்டவர் மறந்துவிடுகிறார், கேட்கப்பட்டவள் மறப்பதில்லை. எறும்புக்கும் தீங்கு செய்யாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கும் நாம், அவள் உயிரும் உயிர்தான் என்பதைச் சொல்ல விட்டுவிடுகிறோம்.

பரிசல்காரரின் மகளிடம் நான் அறிவுரை அதிகம் கூறவில்லை. தவறாக எழுதிய விடைகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை உடன் படிக்கும் ஒருத்தியிடம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். தவறை ஒருவரிடம் சொல்லும் பழக்கம் வகுப்பறையிலேயே வந்துவிட்டால், வார்டில் நா தடுமாறாது. இரவு பதினொன்றுக்கு மேல் புத்தகம் கூடாது என்றும் சொன்னேன். உறங்காத கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றாகத் தெரியும். அப்போது பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடியிருந்ததால் பரிசலுக்குத் தடை, தந்தை வீட்டிலிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: "டீச்சரம்மா, தண்ணி ஏறினா நாங்க பரிசலைக் கவுத்து வெச்சிட்டு உக்காந்துருவோம். அதுக்காக இவனுக்குப் பரிசல் போடத் தெரியலைன்னு எவனும் சொன்னதில்லை." மகள் சிரித்தாள்.

எல்லாப் பெண்களுக்கும் இவ்வளவு போதாது. வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் குறைந்து, தேர்வு என்ற சொல்லைக் கேட்டாலே கை நடுங்கி, இருந்து என்ன பயன் என்று ஒரு பெண் ஒருமுறை சொன்னாலும், அது பிடிவாதமன்று, நோயின் குறி. கல்லூரியில் மாணவர் ஆலோசகர் இருந்தால் அவரிடமோ, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு இவ்வெண்ணை எழுதி அனுப்புங்கள்.