பல்லாவரத்துக் கல்லும் பால்வீதியும்

நம் பால்வீதியில் மட்டும் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள். இந்தக் கோடிக்கடங்காத கூட்டத்தைப் படைத்தவன் தாம்பரத்து முட்டுச்சந்தில் பிள்ளையாராக உட்கார்ந்து, பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் வேண்டுதலைக் கேட்பானா என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிப்புக்கு அடியில் சொல்லாமல் விட்ட ஒரு கணக்கு இருக்கிறது: பெரியதுதான் பொருட்டு, சிறியது தூசு. இந்தக் கணக்கு செல்லுமா என்பதற்குத் தாம்பரத்தை அடுத்த பல்லாவரமே சாட்சி. அங்குள்ள குன்றுகளின் சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. 1863 மே 30 அன்று புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் அந்தக் குன்றுகளின் பக்கத்தில் சரளைக் குழியிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு கல்லை எடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்து தொடங்கியது. குன்றுகளை ஜல்லிக்கு உடைத்தோம். கோடரியைத்தான் வரலாற்றில் வைத்தோம். எடை பார்த்தா வைத்தோம்? ஒரு மனம் தொட்ட தடம் அதில் இருந்தது.

பிரபஞ்சம் பெரிது என்பது பக்திக்குப் புதிய அதிர்ச்சியும் அல்ல. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர் அண்டங்களை, வீட்டுக்குள் விழும் வெயிலில் மிதக்கும் தூசுகளுக்கு ஒப்பிட்டார். அண்டங்களே தூசாகும் அந்த இறைவனிடம்தான் உருகவும் செய்தார். உடனே, 'அன்றே நம்மவர் கேலக்சிகளை அறிந்திருந்தார்கள்' என்று கிளம்ப வேண்டாம். அவர் வியந்தார், அளக்கவில்லை. ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி மண்டலம் என்பது, 1923-ல் வானியலாளர் ஹபிள் அதில் ஒளி ஏறி இறங்கும் விண்மீன் ஒன்றைக் கண்டு, அதைக்கொண்டு தொலைவை அளந்த பிறகுதான் உறுதியானது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு காலம் பற்றியது. 1,380 கோடி ஆண்டுப் பிரபஞ்சத்தில் மனிதன் கடைசி நேரத்தில் வந்தவன். எல்லாம் அவனுக்காக என்பது எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. அந்த நம்பிக்கையை விட்டுவிடலாம், அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பிந்தி வந்தது மதிப்பற்றது என்றால், குன்றுக்கு வெகுகாலம் பிந்திய கோடரியும் மதிப்பற்றதே. பிள்ளையார் கேட்கிறார் என்பதற்கு இது சான்றாகாது. அதை வேறு வழியில்தான் வழக்காட வேண்டும். கேட்கமாட்டார் என்பதற்கு விண்மீன் கணக்கைச் சாட்சிக்கு அழைக்கக்கூடாது, அவ்வளவே.

தாம்பரத்து ஜி.எஸ்.டி. சாலை வெளிச்சத்தில் ஆண்ட்ரோமீடா தெரியாது. மார்கழி பிறக்கும்போது, நிலவில்லாத இரவில், ஏழு மணி வாக்கில் ஜவ்வாது மலைக் காவலூர்ப் பக்கம் நின்று வடக்கே நன்றாக அண்ணாந்து பாருங்கள். மங்கலாகத் தெரியும் அந்தப் பஞ்சுத் துணுக்கின் ஒளி அங்கிருந்து கிளம்பி 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அப்போது பல்லாவரத்துக் கோடரியைச் செதுக்கியவன் பிறந்திருக்கவில்லை.