சுற்றத்தோடு நடந்த பாட்டு

சனி, ஞாயிறு வந்தால் பாடகி வீட்டில் நேரத்துக்கு இழுபறிதான். அடுத்த கச்சேரிக்கு ஒத்திகை பார்க்க வேண்டும். பிள்ளைகளும் அம்மாவைத் தேடுவார்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விடத்தான் வேண்டுமா?

இதற்குப் பழந்தமிழ்ப் பாட்டு ஒன்றில் விடை இருக்கிறது. ஜவ்வாது மலையடிவாரச் செங்கத்தை ஆண்ட நன்னன்மீது பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம். 583 அடிகள். கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். அதில் பரிசில் நாடிப் போகும் கலைஞன் தனியாகப் போகவில்லை. சுற்றத்தையே கூட்டிக்கொண்டு மலையேறுகிறான். முழவு, ஆகுளி, குழல், தூம்பு என்று இசைக்கருவிகள் எல்லாம் பைகளுக்குள். அந்தப் பைகள் பலாக்காய்க் கொத்துகள்போலத் தொங்குகின்றன. கல்லில் நடந்து வருந்திய, பாடி ஆடும் விறலியரின் சிற்றடிகளுக்கு, களைத்த நாயின் நாக்கை உவமை சொல்கிறார் புலவர். பாட்டுக்காரக் குடும்பத்தின் களைப்பை அவ்வளவு அருகில் நின்று பார்த்திருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

நம் காலத்தில் கர்நாடக இசைப் பாடகி டி.கே.பட்டம்மாளைப் பாருங்கள். தம்பி ஜெயராமன் அவரிடமே கற்று வித்வானானார். மருமகள் லலிதா சிவகுமார் மேடையில் உடன் பாடினார். பேத்தி நித்யஸ்ரீயும் பாட வந்தார். சாதகம் வேறு, குடும்பம் வேறு என்று அங்கே கோடு கிழிக்க முடியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பூராவைச் சுருதி சேர்க்கும்போது அறைக்கதவைச் சாத்தாதீர்கள். பிள்ளை வந்து பக்கத்தில் உட்காரட்டும்.