கறையும் காரணமும்

அமெரிக்காவில் டெரி கான்லியும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சில இணைகளைப் பற்றிப் படிக்கக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். சில இணைகள் ஒருவருக்கு ஒருவர் என்று வாழ்பவர்கள். மற்றவர்கள் இருவரும் பேசி ஒப்புக்கொண்டு வேறு உறவுகளுக்கும் இடம் தந்தவர்கள். நம்பகத்தன்மையில் முதல் வகையினருக்குக் கூடுதல் மதிப்பு கிடைத்ததில் வியப்பில்லை. ஆனால் நாயைத் தவறாமல் நடைக்குக் கூட்டிப்போவதிலும், தினமும் நூல்விட்டுப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்வதிலும்கூட அவர்களே மேல் என்று தீர்ப்பு வந்தது. உறவு ஏற்பாட்டுக்கும் பல்லிடுக்குக்கும் என்ன சம்பந்தம்?

சமூகக் கறை வேலை செய்யும் விதமே இதுதான். ஒருவரிடம் ஒரு குறையைக் கண்டதும் அவர் தலையில் வேறு பல குறைகளையும் ஏற்றிவிடுகிறோம் என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இலேயே எழுதினார். அறத்தீர்ப்பு ஒரு செயலை எடுத்து, அதனால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கும். கறையோ ஆளையே மொத்தமாகக் கழித்துக்கட்டிவிடும். தன்னை அறம் என்று அது சொல்லிக்கொள்வதுதான் சிக்கல்.

பேசி ஒப்புக்கொண்டு வேறு உறவுகளுக்கும் இடம் தருபவர்களின் மனநிறைவு மற்றவர்களுடையதைவிடப் பெரிதாகக் குறையவில்லை என்று கான்லி குழுவின் 2017 ஆய்வு கண்டது. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் அப்படித்தானே சொல்வார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஒப்புதல் என்பதே, விட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில் ஆட்டிய தலையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பயம் ஒருவரோடு மட்டும் வாழும் மணவாழ்விலும் உண்டு. ஊர் தூற்றும் உறவில் சிக்கித் தவிப்பவரோ யாரிடம் போய் முறையிடுவார்? கறை அவருடைய வாயைத்தான் முதலில் அடைக்கும்.

இன்னும் வலுவான மறுப்பு சமயத்திலிருந்து வருகிறது. கத்தோலிக்கருக்குத் திருமணம் ஓர் அருட்சாதனம். கடவுள் முன்னிலையில் தந்த வாக்கை இருவர் பேசித் தளர்த்திக்கொள்ள முடியாது. அந்த வாக்கைத் தந்தவரை அது கட்டும், தராதவரைக் கட்டுமா? மாசசூசெட்ஸின் சோமர்வில் நகரம் 2020-இல் இருவருக்கு மேற்பட்டோரின் இல்லத் துணைமையைப் பதிவுசெய்ய வழிசெய்தது. அதனால் எந்தத் தேவாலயத்தின் மணவிதியும் மாறிவிடவில்லை.

ஒருவனுக்கு ஒருத்தி என்பதே உயர்ந்த வாழ்வு என்று நம்புகிறவர் தாராளமாக வாதிடட்டும். வாதிட வேண்டுமென்றால் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கும் குறுக்குவழியே கறை. பல்லிடுக்கு வரை அது போனதும் சொல்லக் காரணம் இல்லாததால்தான்.