முந்திய பொறியும் பிந்திய பொறியும்

“காலம் வரட்டும், பேசிக்கொள்ளலாம்” என்னும் சொல்லைக் கேளாத தோட்டத் தமிழர் ஒருவரும் இரார். அங்ஙனம் சொல்பவர் நிதானமுடையவர் எனவும், அதற்கு மாறாக நடப்பவர் அவசரக்காரர் எனவும் நம்மவர் கருதுவர். நாமும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தோம். அக்கருத்தைக் கலைத்தது எந்த நீதிநூலும் அன்று. நெகிரி செம்பிலானில் நாம் கணக்கெழுதும் தோட்டத்தின் பின்கொட்டகையில் நிற்கும் ஒரு பழைய செவர்லே லாரியே அதனைக் கலைத்தது.

அவ்வினத்து ஆறு சிலிண்டர் இஞ்சின் 1929ஆம் ஆண்டு மாடலோடு வெளிவந்து, சிற்சில மாறுதல்களுடன் முப்பது ஆண்டுகளுக்குமேல் உழைத்தது. அதில் பொறி விழும் வேளையைச் சரிசெய்வதற்கென்று பிளைவீல் சக்கரத்தில் ஒரு சிறு எஃகுக் குண்டைப் பதித்திருக்கின்றனர். முதல் சிலிண்டரின் பிளக் கம்பியோடு மின்னும் விளக்கை இணைத்து, இஞ்சினை மெல்ல ஓடவிட்டு, மேலுள்ள துளை வழியே ஒளியைப் பாய்ச்சினால், சுழலும் குண்டு நின்றுவிட்டாற்போல் தோன்றும். அது குறிமுள்ளுக்கு நேரே நிற்குமாறு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்க வேண்டும். பிஸ்டன் உச்சியை எட்ட இன்னும் 5 பாகை இருக்கும்போதே பொறி விழுகிறது என்பது அதன் பொருள்.

உச்சிக்கு வந்தபின் கொளுத்தினால் ஆகாதோ என்று ஒருநாள் கேட்டோம். கொட்டகையில் இருக்கும் முதிய மெக்கானிக் நகைத்தார். தீ, பொறி பட்டவுடன் முழுதும் பற்றிவிடுவதில்லை. பரவ அதற்குச் சிறிது நேரம் வேண்டும். நிமிடத்திற்கு 600 சுற்றில் 5 பாகை கடக்கும் அதே நேரத்தில், 3000 சுற்றில் சக்கரம் 25 பாகை கடந்துவிடும். ஆதலின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சிறு எடைகளை வைத்து, வேகம் மிக மிகப் பொறி இன்னும் முந்தி விழுமாறு செய்திருக்கின்றனர். சக்கரம் விரைந்து சுழலும்போது, நேற்றைய நிதானமே இன்றைய தாமதமாகிறது.

குண்டை வைத்தவர்கள் அதனை வேதமென்று வைக்கவில்லை என்பதும் வியப்பே. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் ஓர் அளவுகோலும் வைத்தனர். கிடைக்கும் பெட்ரோலின் தரத்திற்கேற்பச் சற்று முன்னும் பின்னும் திருப்பிக்கொள்ளலாம். மலேசியாவில் 2009இல் 92 ஆக்டேனுக்குப் பதிலாக 95 வந்தது. அக்குண்டைப் பதித்தவர்கள் காலத்துப் பெட்ரோல் அதனினும் மிகத் தாழ்ந்தது. இது நம் பெரியோர் விதித்த வழக்கங்களுக்கும் பொருந்துமோ என்பதை வாசகரே எண்ணிக்கொள்க.

இனி விஷயத்திற்கு வருவோம். பொறி மிக முந்தினால் இஞ்சின் தட்டும். அவ்வோசை யாவர்க்கும் கேட்கும். பொறி பிந்தினாலோ ஓசையே இல்லை. இஞ்சின் சாதுவாக ஓடும். ஆயின் வலுக்குன்றும், பெட்ரோலைக் குடிக்கும், சூடேறி வால்வுகளைத் தீய்க்கும். “தட்டுகிற லாரியைத்தான் என்னிடம் கொண்டு வருவார்கள், தம்பி. பிந்தினதை ஒருவரும் கொண்டு வரமாட்டார்கள்,” என்றார் முதியவர்.

1941இல் பக்கத்துச் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில், துரையைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்க வேண்டும் என்ற கொடுமை ஒழிய வேண்டும் எனவும், கூலி உயர வேண்டும் எனவும் தோட்டத் தொழிலாளர் கிளர்ந்தனர். அவர்கள் தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்; துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அவ்வோசை வரலாற்றில் நின்றுவிட்டது. அதற்குமுன் பல்லாண்டு இறங்கி இறங்கி நின்றவர்களின் அவமானம் எவர் செவியிலும் விழவில்லை.

நம் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். நாம் முன்பு வேலை பார்த்த வேறொரு தோட்டத்தில், நிலம் விற்பனையாகப் போகிறது என்ற செய்தியை மூத்த கிராணி ஒருவர் லயத்தில் சொல்லிவிட்டார். அஞ்சிய இரு குடும்பத்தார் அப்போதே வேலையை விட்டனர். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவரை நிறுத்தினால் ஆண்டுக்கு 20 நாட் கூலி கொடுக்க வேண்டும். தாமே விலகியவர்க்கு அது இல்லை. இருபதாண்டு உழைப்பின் பயனை அவர்கள் இழந்தனர். அதைக் கண்ட நாம், இனி வாய் திறவோம் என்று உறுதி பூண்டோம்.

பின்னர் இத்தோட்டத்தின் ஒரு பிரிவை விற்கும் கடிதம் நம் மேசைக்கு வந்தது. ஏழு மாதம் அதனை வைத்திருந்தோம். சட்டம் குறித்த 8 வார முன்னறிவிப்பு உரிய நாளில் சென்றது. ஒரு நாளும் குறையவில்லை. எஃகுக் குண்டு முள்ளுக்கு நேரே நின்றது! ஆனால் எட்டு வாரத்தில் வீடு கிடைக்கவில்லை. பிள்ளைகள் ஆண்டு நடுவில் பள்ளி மாறினர். ஒரு சிறுவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்திக்கொண்டான். நம்மை ஒருவரும் குறை கூறவில்லை. கிராணி நல்லவர் என்றே சொல்லிப் போயினர்.

ஆபீஸ் இரகசியத்தைக் காத்தல் நம் கடமை அன்றோ என்பர். விலையும், வாங்குவோர் பெயரும் ஆபீஸுக்குரியவை, மறுக்கவில்லை. “வீட்டுக்கும் பள்ளிக்கும் இப்போதே வழி பாருங்கள், நீங்களாக வேலையை விடாதீர்கள்” என்று சொல்வதற்கு எந்தக் கடிதத்தைத் திறந்து காட்ட வேண்டும்? முன்னவர் முதல் பாதியை மட்டும் சொன்னார். நாம் இரண்டையும் சொல்லாதிருந்தோம். அவருடைய தவற்றை நம் மௌனத்திற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டோம்.

முதியவர் வேளையைக் கொட்டகையில் முடிவு செய்வதில்லை. சுமையேற்றி, சிரம்பானிலிருந்து ஜெலுபு போகும் வழியில் புக்கிட் தங்கா ஏற்றத்தில் லாரியை அழுத்துவார். மெல்லிய தட்டல் ஒன்றிரண்டு கேட்டுத் தணிய வேண்டும். ஒன்றும் கேளாவிடின் இறங்கி, மயிரிழை முன்னே திருப்புவார்.

அப்பிரிவினின்று போன குடும்பம் ஒன்று இன்று சிரம்பானில் வாடகை வீட்டில் இருக்கிறது. சென்ற தீபாவளிக்கு நமக்கு முறுக்குக் கொடுத்தனுப்பினர். கடிதம் ஏழு மாதம் நம் மேசையில் இருந்த செய்தி அவர்களுக்குத் தெரியாது. இவ்விதழ் அவர்கள் வீட்டிற்கும் வருவது.