நாபோத்தின் தோட்டமும் நமது மண்ணும்



அரசர் ஆகமத்திலே நாபோத் என்னும் குடியானவனின் வரலாறு வருகிறது. அவனுடைய முந்திரிகைத் தோட்டம் அரண்மனைக்கு அருகில் இருந்தது. ஆக்காபு அரசன் அதன்மேல் ஆசை வைத்தான். அதைவிட நல்ல தோட்டம் தருவதாக, அல்லது உரிய விலை தருவதாகச் சொன்னான். நாபோத் சம்மதிக்கவில்லை. அது அவனுடைய தகப்பன் பாட்டன் விட்டுச்சென்ற முதுசம். முதுசத்தை விற்பது கடவுளுக்கு ஏற்காத காரியம் என்று மறுத்துவிட்டான். அதன்பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அரசி எசபேல் அரசனுடைய முத்திரையிட்டுக் கடிதங்கள் எழுதினாள். ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். உபவாசம் அறிவிக்கப்பட்டது. பொய்ச்சாட்சிகள் இருவர் வந்தார்கள். நாபோத் கல்லெறியுண்டு செத்தான். தோட்டம் அரசனுக்குப் போயிற்று.

இந்த வரலாற்றிலே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வெளிப்பார்வைக்கு அங்கே சட்டம் மீறப்படவில்லை. கடிதம் இருந்தது, முத்திரை இருந்தது, சாட்சி இருந்தது, பக்திக்கு ஓர் உபவாசமும் இருந்தது. இல்லாதிருந்தது நீதி ஒன்றே. நம்முடைய காலத்திலே ஏழைக் கிராமங்களின் அடியிலுள்ள இரும்பையும் பொன்னையும் மணலையும் தேடிப் பெருங் கம்பனிகள் வரும்போதும் இதே கதைதான் பல நாடுகளில் நடக்கிறது.

பிறேசில் தேசத்தை எடுத்துக்கொள்வோம். கத்தோலிக்கர் நிறைந்த நாடு அது. அதன் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் மலைகளில் இரும்புக்கல் எடுக்கிறார்கள். கல்லை நொறுக்கி, நீர்விட்டுக் கழுவி, இரும்பைப் பிரித்தபின் எஞ்சுவது பெருந்தொகையான சேறு. அதை ஒரு பள்ளத்தாக்கில் விட்டு, முன்னால் அணைகட்டித் தேக்கிவைக்கிறார்கள். சேறு உயர உயர, காய்ந்த சேற்றின் மேலேயே அடுத்த அடுக்கைக் கட்டி அணையை உயர்த்துவது செலவு குறைந்த முறை. ஆபத்துக் கூடிய முறையும் அதுவே. நீர் வடியாது உள்ளே தேங்கினால் கெட்டியாய்த் தோன்றிய சேறு ஒரு கணத்தில் கூழாகிவிடும்.

2015ஆம் ஆண்டு நவம்பர் 5ஆந் திகதி மரியானா நகருக்கு அண்மையில் இப்படியான ஓர் அணை உடைந்தது. பெந்தோ றொட்றிகஸ் என்ற பழைய கிராமம் சேற்றில் புதைந்தது. அவ்வூரின் பழமையான அர்ச். ஆசீர்வாதப்பர் சிற்றாலயமும் போயிற்று. 19 பேர் மாண்டார்கள். சேறு டோசே ஆற்றில் இறங்கி, 600 கிலோமீற்றருக்கு மேல் ஓடி அத்திலாந்திக் கடலில் கலந்தது. கரையோர மீனவருக்குத் தொழில் போயிற்று. அந்த ஆற்றைப் புனிதமாய்ப் போற்றிய கிரெனாக் ஆதிக்குடிகளுக்கு நீராடவும் குடிக்கவும் ஆறில்லாமற் போயிற்று.

இதிலிருந்து பாடம் படித்திருக்கவேண்டும். ஆனால், நான்காவது ஆண்டு முடியுமுன், 2019ஆம் ஆண்டு ஜனவரி 25ஆந் திகதி, சின்னப்பர் மனந்திரும்பிய திருநாளன்று நண்பகலில், அதே மாநிலத்தில் புறுமாடீஞ்யோ என்னுமிடத்தில் மற்றோர் அணை உடைந்தது. அது வாலே கம்பனியின் அணை. அணைக்கு நேர் கீழே தொழிலாளரின் உணவுச்சாலையும் அலுவலகமும் இருந்தன. அது மதிய உணவு வேளை. அபாயச் சங்கு ஊதவில்லை. 270 பேர் மாண்டார்கள். அவர்களில் இருவர் கர்ப்பிணிகள். ஆகையால் குடும்பத்தவர் 272 என்றே எண்ணுகிறார்கள். தாயின் வயிற்றிலிருந்த உயிரையும் உயிரென்று எண்ணும் அந்தக் கணக்கு, நமது விசுவாசத்தின் கணக்கு.

அந்த அணை உறுதியாயிருக்கிறது என்று நிபுணர்கள் கையொப்பமிட்ட சான்றிதழ் சில மாதங்களுக்கு முன்னர்தான் வழங்கப்பட்டிருந்தது. எசபேலின் முத்திரைக் கடிதம் உங்கள் நினைவுக்கு வரவில்லையா? கடதாசி சுத்தமாயிருந்தது. மனிதர் செத்தார்கள்.

சில நாட்களின் பின் கம்பனியின் தலைவர் பாராளுமன்றத்தார் முன்னிலையில் பேசும்போது, தமது கம்பனி பிறேசிலின் ஆபரணம் என்றும், ஒரு விபத்துக்காக அதைத் தண்டிக்கலாகாது என்றும் சொன்னார். அதைக் கேட்ட குடும்பங்கள் அன்று முதல் தங்கள் மரித்தோரையே ஆபரணங்கள் என்று அழைக்கலானார்கள். அணிமணி எது என்பதில் உலகத்துக்கும் ஒரு தாய்க்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஆண்டவர் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவார் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

“சுவாமி, இரும்பில்லாமல் உலகம் நடக்குமா? வேலையில்லாத பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மண்வெட்டியும் இரும்பு, கோயில் மணியும் உலோகம். பூமியின் பொருளை எடுத்து உபயோகிப்பதைத் திருச்சபை பாவமென்று சொன்னதில்லை. புறுமாடீஞ்யோவில் மாண்டவர்களில் பெரும்பாலோர் அதே சுரங்கத்தை நம்பிச் சீவித்த தொழிலாளர்தாம். ஆகவே கேள்வி வேறு. யாருடைய சம்மதத்துடன் எடுக்கிறார்கள்? இலாபம் எங்கே போகிறது? சேறு யாருடைய தலைக்குமேல் நிற்கிறது?

பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1967ஆம் ஆண்டிலேயே, பொருள் வளர்ச்சி மாத்திரம் முன்னேற்றமாகாது, முழு மனிதனும் எல்லா மனிதரும் வளரவேண்டும் என்று படிப்பித்தார். 2015ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் பூமியைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், ஒரு திட்டத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் அவ்வூர் மக்களுக்குத் தனியிடம் உண்டென்று வற்புறுத்தினார். நாபோத்தைக் கேட்காமல் நாபோத்தின் தோட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பதே இதன் பொருள்.

இப்படிப் பேசுவதால் பயனுண்டா? எல் சல்வடோரைப் பாருங்கள். நமது தீவின் மூன்றிலொரு பங்கு அளவுகூட இல்லாத சிறிய நாடு. பொன் எடுக்க வந்த அந்நியக் கம்பனிக்கு அனுமதி மறுக்கப்பட்டபோது, கம்பனி 2009ஆம் ஆண்டு அந்த ஏழை நாட்டின்மேலேயே சர்வதேச மன்றில் வழக்குத் தொடுத்தது. 2016இல் நாடு வென்றது. அடுத்த ஆண்டு தலைநகர் பேராயர் எஸ்கோபார் அலாஸ் ஆண்டகையும் யேசுசபையாரின் பல்கலைக்கழகமும் முன்னின்று மசோதா ஒன்றைச் சமர்ப்பிக்க, 2017 மார்ச் 29ஆந் திகதி உலோகச் சுரங்கங்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. உலகிலே இப்படிச் செய்த முதல் நாடு அதுவே. ஆனால் 2024 டிசம்பரில் புதிய ஆட்சியின் பாராளுமன்றம் அதே தடையை நீக்கிவிட்டது. ஆயர்கள் சோர்ந்துபோகவில்லை. 2025 மார்ச் மாதத்தில் ஏறக்குறைய 150,000 கையொப்பங்களைச் சேர்த்துக் கையளித்தார்கள். வெற்றி ஒருமுறை கிடைத்தால் என்றும் நிற்கும் என்று நினைக்கலாகாது. காவல் நாள்தோறும் வேண்டும்.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். 1950ஆம் ஆண்டு முதல் காங்கேசன்துறையில் சீமெந்து உண்டாக்கப்பட்டது. பல குடும்பங்கள் அதனாற் சீவித்தன; அதை மறக்கலாகாது. 1990இல் போரினால் ஆலை நின்றது. சுண்ணக்கல் அகழ்ந்த பெருங்குழிகள் மட்டும் நிற்கின்றன. அந்தச் சுண்ணக்கல்தான் மழைநீரை ஏந்திக் குடாநாட்டின் கிணறுகளுக்குக் கொடுக்கிறது. மன்னார்த் தீவிலே அந்த வேலையைச் செய்வது மணல். கீழே உவர்நீர், அதன்மேல் மெல்லிய படையாய் நன்னீர். இந்த மணலில் இல்மனைட் உண்டென்று அந்நியக் கம்பனி துளையிட்டு ஆராய்ந்தது. சுவருக்குப் பூசும் வெள்ளை வர்ணத்துக்கு வேண்டிய பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. மக்களும் அவர்களுடன் குருக்களும் தெருவில் இறங்கி மறுப்புச் சொன்னதை நீங்கள் அறிவீர்கள். யாருடைய சுவரோ வெளுப்பதற்காக நமது கிணறு உவர்க்க வேண்டுமா என்பதே அவர்களுடைய கேள்வி.

ஆயினும், பிரியமானவர்களே, ஆக்காபைத் தூர தேசத்தில் மட்டும் தேடவேண்டாம். இரவிலே உழவுயந்திரத்தில் வரும் மணல் எங்கிருந்து வருகிறதென்று விசாரிக்காமல் வாங்குகிறோம். விலை குறைவாயிருந்தால் கண்ணை மூடிக்கொள்கிறோம். வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகள் கடலுக்கு முன்னால் நிற்கும் மதில். 2004ஆம் ஆண்டு நத்தாரின் மறுநாள் கடல் எழுந்ததை மறந்தவர் நம்மில் யார்? அந்த மதிலை அள்ளி வீட்டுக்கு மதில் கட்டுகிறோம். கோயில் மண்டபம் கட்டும்போதும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும். களவுமணலில் எழுந்த பீடத்திலே நாம் எந்தக் காணிக்கையை ஒப்புக்கொடுப்பது? பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஆத்தும சோதனையில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. காணியை ஆராயவென்று யாரும் வந்தால், எழுதியிருப்பதை வாசித்து விளங்காமல் கையொப்பமிடாதீர்கள். உங்கள் மொழியில் எழுதித் தரும்படி கேளுங்கள். ஊர்க் கூட்டத்துக்குப் போங்கள். பங்கிலே படித்த பிள்ளைகள் அறிக்கைகளை வாசித்து மற்றவர்களுக்கு விளக்கட்டும். வீடு கட்டுவோர் மணலுக்கு அனுமதிப்பத்திரம் கேளுங்கள். முதுசத்தை விற்க வேண்டிவந்தால், அதிலே என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அயலவருக்காகவும் கேட்டறியுங்கள்.

பெந்தோ றொட்றிகஸில் சேறு வந்த அன்று எச்சரிக்கச் சங்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ஒரு பெண் தன் மோட்டார் சைக்கிளில் ஏறி, தெருத்தெருவாய் ஓடி, மேட்டுக்கு ஓடுங்கள் என்று கத்தினாள். அவளுடைய குரலினாற் பலர் தப்பினார்கள். எசேக்கியேல் தீர்க்கதரிசியின் ஆகமத்திலே ஆண்டவர் காவற்காரனைப் பற்றிச் சொல்கிறார். ஆபத்தைக் கண்டும் எக்காளம் ஊதாதவனிடம் இரத்தப்பழி கேட்கப்படும். அந்தப் பெண்ணுக்கு எக்காளம் இல்லை. தொண்டை இருந்தது, அயலவர்மேல் அன்பு இருந்தது. அவ்வளவும் நமக்கும் உண்டு.

நாபோத் செத்தபின் தோட்டத்தைச் சொந்தமாக்க ஆக்காபு இறங்கிப் போனான். அங்கே எலியாஸ் தீர்க்கதரிசி அவனுக்கு முன்னால் நின்றார். ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் எலியாஸ் வந்தபோது நாபோத் உயிரோடு இல்லை. நாம் அவ்வளவு பிந்திப் போகாதிருக்க வேண்டுமென்று இன்றிரவு குடும்பச் செபமாலையிலே தேவதாயை மன்றாடுவோம். ஆமென்.